நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஜேட் செடி வளர்ப்பு: தொட்டி மண் முதல் உறைபனி வரை முழுமையான வழிகாட்டி

மலை ஊர்களில் ஜேட் செடி செத்துப்போனால் பழி குளிரின் மேல்தான் விழுகிறது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் வேர் கருத்து, கூழாகி, அழுகல் நாற்றம் அடிக்கும். குளிர் தனியாக வந்தால் இந்தச் செடி சமாளித்துக்கொள்ளும். மண் காய்ந்திருந்தால் 5 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் இரவைக்கூடச் சிரமமில்லாமல் கடந்துவிடும். குளிரும் ஈரமும் சேர்ந்து வேரைப் பிடிக்கும்போதுதான் தாங்காது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என எங்கே வளர்த்தாலும் கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த ஒன்றைத் தவிர்ப்பதற்காகத்தான்.

கையில் இருப்பது எந்த ஜேட்?

ஜேட் என்பது முதலில் ஒரு கல்லின் பெயர். ஜேடைட், நெஃப்ரைட் என்ற இரண்டு வேறு வேறு கனிமங்களையும் அந்தப் பெயரால்தான் விற்கிறார்கள். மெருகேற்றிய அந்தக் கல்லின் பச்சை இலையில் தெரிவதால் செடிக்கும் அந்தப் பெயர் வந்தது. நர்சரியில் ‘ஜேட்’ என்று கேட்டால் இரண்டில் ஒன்று கைக்கு வரும். எது என்று தெரியாமல் பராமரிப்பைத் தொடங்க வேண்டாம்.

உண்மையான ஜேட் செடி கிராசுலா ஓவாட்டா. தென்னாப்பிரிக்காவும் மொசாம்பிக்கும் இதன் தாயகம். இலை 3 முதல் 6 சென்டிமீட்டர் நீளம், தடிப்பு, நல்ல பளபளப்பு. வெயில் படும் ஓரத்தில் செம்மை ஏறும். தண்டு இளசில் பச்சை, முதிர்ந்தால் சாம்பல் கலந்த பழுப்பு. தண்டைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும்.

‘மினி ஜேட்’, ‘லக்கி ஜேட்’ என்று விற்பது போர்ட்டுலகேரியா அஃப்ரா. இது வேறு குடும்பம். இலை 1 முதல் 2 சென்டிமீட்டர்தான் இருக்கும், தண்டு சிவந்த பழுப்பு, கிளைகள் மெலிந்து படரும். இதன் இலை புளிக்கும், தென்னாப்பிரிக்காவில் யானைகளும் மனிதர்களும் தின்பது. கடுங்குளிரில் இலையைக் கொட்டும். தண்டை நகத்தால் கீறினால் பச்சை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மார்ச் வரை பொறுத்திருங்கள், துளிர்க்கும். வளரும் மாதங்களில் கிராசுலாவைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் கேட்கும். மற்றபடி இங்கே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் இந்த வேறுபாடு முக்கியம். கிராசுலா ஓவாட்டாவைத் தின்றால் அவை வாந்தி எடுத்துச் சோர்ந்து படுத்துவிடும். மினி ஜேட்டால் அப்படி ஆவதில்லை.

நீலப்பச்சைப் பூக்கள் சரம் சரமாகத் தொங்கும் ஜேட் கொடி பிலிப்பைன்ஸ் காட்டில் வளரும் பயறு குடும்பத்துக் கொடி. அதற்கு ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பு வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது சரிவராது.

குளிர்நாளில் செடி ஏன் தண்ணீர் குடிப்பதில்லை

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுக்கும். ஜேட் செடி இரவில் திறக்கிறது. எடுத்ததை மாலிக் அமிலமாக இலைக்குள் சேர்த்து வைத்து, மறுநாள் வெயில் வந்ததும் துளைகளை மூடிக்கொண்டு உணவாக்குகிறது. வறண்ட நாட்டில் நீரை வீணாக்காமல் பிழைக்க இந்த ஏற்பாடு. கிராசுலா குடும்பத்தில் கண்டறியப்பட்டதால் தாவரவியலில் இந்த முறைக்கே அந்தக் குடும்பத்தின் பெயர்தான்.

இப்போது ஜூலை மாத ஊட்டியை நினைத்துப் பாருங்கள். நாள்கணக்கில் வெயில் இல்லை, பகலிலும் 15 டிகிரியை ஒட்டியே நிற்கிறது, மூடுபனி முற்றத்துக்குள் வந்துவிடுகிறது. செடிக்கு வேலையே இல்லை, வேர் உறிஞ்சுவதும் இல்லை. ஊற்றிய தண்ணீர் மண்ணிலேயே நிற்கும். காற்று புகாத அந்த ஈர மண்ணில் பித்தியம், ஃபைட்டோஃப்தோரா போன்ற அழுகல் நோய்க்கிருமிகள் வேரைத் தின்னத் தொடங்கும். மேலே இலை வாடித் தெரிவதால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். செடி போவது அந்தக் கடைசிச் செம்புத் தண்ணீரில்தான்.

மண் கலவையும் தொட்டியும்

தேயிலைத் தோட்டத்து மண்ணை அப்படியே தொட்டியில் போட வேண்டாம். களிப்பு அதிகம், புளிப்பும் அதிகம். கோவையில் நன்றாக வேலைசெய்யும் தென்னைநார்க் கழிவுக் கலவையும் மலைக்கு ஏற்றதில்லை, ஒரு முறை நனைந்தால் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் காயாது.

10 லிட்டர் வாளி ஒன்றுக்கான கலவை:

எம்சாண்ட் 4 லிட்டர். கான்கிரீட்டுக்குப் போடும் பருமணல் வேண்டும், பூச்சு வேலை மணல் கூடாது. ரவை சல்லடையில் சலித்துத் தூசியைக் கொட்டிவிட்டு, மிஞ்சியதை இரண்டு தண்ணீரில் அலசுங்கள்.
5 முதல் 6 மில்லிமீட்டர் கருங்கல் சிப்ஸ் அல்லது உடைத்த செங்கல் 2 லிட்டர்.
செம்மண் 2 லிட்டர்.
நன்றாக மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒன்றரை லிட்டர்.
அடுப்புக்கரித் துண்டுகள் அரை லிட்டர்.
டோலமைட் தூள் 20 கிராம், புளிப்பைத் தணிக்க. உருளைக்கிழங்கு, கேரட் வயலுக்குப் போடும் அதே தூள்தான்.

எம்சாண்டைச் சலிக்கும் வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தூசி நாலைந்து முறை தண்ணீர் விட்டதும் கீழே இறங்கிச் சிமென்ட் போலப் படிந்து தொட்டியின் ஓட்டையை அடைத்துவிடும். கலவை சரியா என்று பார்க்க, ஒரு தொட்டியை நிரப்பி ஒரு செம்புத் தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள். தண்ணீர் மேலே தேங்கி நிற்காமல் கால் நிமிடத்துக்குள் கீழே ஒழுக ஆரம்பிக்க வேண்டும். தேங்கினால் இன்னும் ஒரு லிட்டர் சிப்ஸ் சேருங்கள்.

தொட்டிக்கு அடியில் ஜல்லி அடுக்கும் பழக்கம் வேண்டாம். ஜல்லி வடிகாலாக உதவும் என்பது தவறான எண்ணம். நுண்ணிய மண்ணில் இருக்கும் நீர் பெருந்துளையுள்ள ஜல்லிக்குள் எளிதில் இறங்காது, அதன் தலைக்கு மேலேயே தங்கும். ஈரமான பகுதி வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடும். ஓட்டையின் மேல் ஒரு ஓட்டுச்சில்லோ சிறு வலைத்துண்டோ போதும்.

தொட்டி மண் தொட்டியாக இருக்கட்டும், பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் காயும். 15 சென்டிமீட்டர் உயரச் செடிக்கு 5 அல்லது 6 அங்குலத் தொட்டி போதும். ‘நாளைக்கு வளருமே’ என்று பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் நனைந்தபடியே கிடக்கும். ஓட்டை ஒரு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் தட்டு வேண்டாம். ஓட்டையில்லாத பீங்கான் கிண்ணத்தில் அழகாக நட்டு விற்கும் செடியை வாங்கினால், எடுத்து மாற்றுவதுதான் முதல் வேலை.

எங்கே வைப்பது

ஜூன் முதல் டிசம்பர் வரை கூரைக்கு அடியில். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் வடகிழக்கு மழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இழுக்கும். தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டும் கோட்டிலிருந்து ஒரு முழமாவது உள்ளே தள்ளி வையுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் எது என்பது உங்கள் வீட்டுச் சுவரின் பாசியைப் பார்த்தாலே தெரியும்.

கிழக்கும் தெற்கும் நல்ல திசைகள். குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குப் பார்த்த வராந்தாவுக்குள் அப்போது நன்றாக வெயில் நுழையும். கண்ணாடி வராந்தா உள்ள பழைய வீடுகள் இந்தச் செடிக்கென்றே கட்டியவை என்று சொல்லலாம். நாளுக்கு 4 முதல் 6 மணி நேர நேர்வெயில் கிடைத்தால் கணுக்கள் நெருங்கி, தண்டு தடிக்கும். வெளிச்சம் போதாவிட்டால் கிளை நீண்டு சோர்ந்து, இலைகளுக்கு நடுவில் இடைவெளி விழும்.

2,000 மீட்டர் உயரத்தில் காற்று குளிர்ந்திருந்தாலும் வெயிலில் புற ஊதாக்கதிர் கடுமையாக இருக்கும். அறைக்குள் இருந்த செடியை மார்ச்சில் திடீரென்று முற்றத்தில் வைத்தால் இரண்டே நாளில் இலையில் வெளிறிய திட்டு விழுந்து பழுப்பாகும், அது ஆறாது. முதல் நான்கு நாள் காலை ஒரு மணி நேரம், அடுத்த நான்கு நாள் இரண்டு மணி நேரம், பிறகு மூன்று என்று இரண்டு வாரத்தில் பழக்குங்கள். ஓரம் செம்மை ஏறினால் கவலை வேண்டாம், செடி தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் நிறமி அது.

தண்ணீர்

நாள்காட்டியைப் பார்த்து ஊற்றுவதைவிடச் செடியைப் பார்த்து ஊற்றுவது மேல். ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். நுனியில் ஈரமோ ஒட்டிய மண்ணோ இருந்தால் விட வேண்டாம். கீழ் இலையை இரு விரலால் மெல்ல அழுத்துங்கள். விறைப்பாக இருந்தால் போதுமான நீர் உள்ளே இருக்கிறது. கொஞ்சம் நெகிழ்ந்து, மேல்தோலில் மெல்லிய சுருக்கம் தெரிந்தால் விடலாம்.

ஒரு கணக்குக்காகச் சொன்னால், பிப்ரவரி கடைசி முதல் மே வரை 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை. மழை மாதங்களில் கூரைக்கு அடியில் 15 முதல் 20 நாளுக்கு ஒரு முறை. டிசம்பர், ஜனவரியில் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை. விடும்போது ஓட்டை வழியே ஒழுகும்வரை முழுதாக விடுங்கள். தினம் கொஞ்சம் தெளிப்பது மேல்மண்ணை ஈரமாக வைத்து அடிவேரைப் பட்டினி போடும். காலை 9 மணிக்கு மேல், வெயில் வந்த நாளாகப் பார்த்து விடுங்கள். மாலையில் விட்டால் இரவு முழுவதும் குளிர்ந்த ஈரத்தில் வேர் நிற்கும்.

உரம் குறைவாகவே போதும். 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள உரம்) ஒரு லிட்டர் நீருக்கு ஒரு கிராம், 45 நாளுக்கு ஒரு முறை, பிப்ரவரி முதல் மே வரை மட்டும். மழையிலும் குளிரிலும் உரம் கொடுத்தால் இளசான, நீர் கோத்த இலைகள் வரும். உறைபனிக்கு முதலில் பலியாவது அவைதான்.

உறைபனி

டிசம்பர், ஜனவரியில் வானம் துடைத்ததுபோல் தெளிந்து, காற்று அசையாமல் நிற்கும் இரவுகளில் கவனமாக இருங்கள். மேகம் இருந்தால் நிலத்தின் சூட்டை அது திருப்பி அனுப்பும். மேகமில்லாத இரவில் சூடு நேராக வானுக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் காந்தல், தலைகுந்தா, தாவரவியல் பூங்காப் புல்வெளியும், கொடைக்கானலில் ஏரிக்கரை, ஜிம்கானா மைதானம், கீழ்பூமியும் வெள்ளையாக விடிவதற்கு அதுதான் காரணம். அதே ஊரில் மேட்டில் இருக்கும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். குன்னூர், கோத்தகிரி நகரங்களில் உறைபனி அரிது.

ஜேட் இலை முழுக்க நீர்தான். அந்த நீர் உறையும்போது உயிரணுக்கள் சிதைகின்றன. காலையில் இலை கண்ணாடிபோல் கரும்பச்சையாகத் தெரியும், மதியத்துக்குள் தொளதொளத்து, மறுநாள் கறுக்கும்.

தடுக்கும் வழி:

1. நவம்பர் கடைசியிலிருந்து மண்ணை உலர விடுங்கள். நீர் குறைந்த இலையில் சாறு கெட்டியாக இருக்கும், அது எளிதில் உறையாது.
2. மாலை 4 மணிக்குள் தொட்டிகளைக் கூரைக்கு அடியில், பகலில் வெயில் பட்ட சுவரை ஒட்டி வையுங்கள். கருங்கல் சுவர் இரவில் மெல்லச் சூட்டை விடும். முற்றத்தின் பள்ளமான மூலை கூடவே கூடாது.
3. தூக்க முடியாத பெரிய தொட்டியென்றால் நான்கு குச்சி நட்டு, அதன்மேல் சாக்கோ பழைய பருத்திப் போர்வையோ போர்த்துங்கள். துணி இலையைத் தொடக் கூடாது. மிலார் செடியின் கிளைகள் கிடைத்தால் அவற்றையும் சாய்த்து மூடலாம். பிளாஸ்டிக் தாள் உதவாது, அது தொடும் இடத்தில் இலை உறையும்.
4. காலை 8, 9 மணிக்கு மூடியதை எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் உள்ளே ஈரம் கோத்துப் பூசணம் வரும்.
5. அறைக்குள் வைத்தால் இலை ஜன்னல் கண்ணாடியில் படாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

செடிக்காகவோ நமக்காகவோ மூடிய அறையில் கரி அடுப்பு வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை, தூங்குகிறவரின் உயிரை எடுத்துவிடும்.

பனி பிடித்துவிட்டால் வெந்நீர் தெளிக்க வேண்டாம், உடனே வெயிலிலும் வைக்க வேண்டாம். நிழலில் தானாக இளகட்டும். இரண்டு வாரம் தண்ணீர் கிடையாது. கத்தரிக்கவும் அவசரப்படாதீர்கள், எதுவரை செத்தது என்பது தெரிய மூன்று நான்கு வாரமாகும். சுருங்கிய பகுதிக்கும் விறைப்பான பகுதிக்கும் நடுவில் கோடு தெளிந்ததும், விறைப்பான பக்கத்தில் ஒரு கணுவுக்கு மேலே வெட்டுங்கள். வெட்டுவாய் உள்ளே பழுப்பாக இருந்தால் பச்சை தெரியும்வரை இன்னும் கீழே போங்கள். அடித்தண்டு தப்பியிருந்தால் மார்ச், ஏப்ரலில் துளிர் வரும்.

போத்து வைத்துப் பெருக்குவது

ஏற்ற காலம் பிப்ரவரி கடைசி முதல் மே நடு வரை. மழையில் வைத்த போத்து வேர்விடுவதற்குள் அழுகிவிடும்.

1. நோயில்லாத கிளையில் 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளத் துண்டை, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் வெட்டுங்கள்.
2. கீழேயுள்ள இரண்டு ஜோடி இலைகளை எடுங்கள்.
3. செய்தித்தாளில் பரப்பி நிழலில், காற்றோட்டத்தில் காயவிடுங்கள். சமவெளியில் 4, 5 நாள் போதும். மலையில் 10 நாள், மூடுபனி இருந்தால் 14 நாள். வெட்டுவாயைத் தொட்டால் காய்ந்த தோல்போல் இருக்க வேண்டும்.
4. மேலே சொன்ன கலவையில் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் நடுங்கள். ஆடினால் சிறு கல்லை அண்டக் கொடுங்கள். வேர்த்தூண்டிப் பொடி தேவையில்லை.
5. முதல் வாரம் தண்ணீரே வேண்டாம். பிறகு வாரம் ஒரு முறை ஓரத்தில் கொஞ்சமாக விடுங்கள்.
6. ஐந்தாறு வாரம் கழித்து மெல்ல இழுத்தால் பிடிப்புத் தெரியும். நுனியில் புது இலை வந்ததும் வழக்கமான பராமரிப்புக்கு மாறலாம்.

இலையிலிருந்தும் வளர்க்கலாம். இலையைப் பக்கவாட்டில் ஆட்டி, அடிப்பகுதி கிழியாமல் முழுதாக எடுக்க வேண்டும். பாதி கிழிந்த இலையில் வேர் வரலாம், குருத்து வராது. மண்ணின் மேல் படுக்கவைத்தால் போதும், புதைக்க வேண்டாம். சிறு செடியாக மூன்று மாதம் ஆகும். பழைய இலை தானாகக் காய்ந்து விழும்வரை பிடுங்காதீர்கள்.

கெட்டுப்போகும் இடங்கள்

வேர் அழுகல்தான் முதலாவது. அறிகுறி: மண் ஈரமாக இருந்தும் இலை தொய்கிறது, தொட்டாலே உதிர்கிறது, தண்டின் அடி அமுங்குகிறது. அன்றைக்கே தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதறுங்கள். கருத்த வேரையெல்லாம் வெட்டி எறிந்து, வெள்ளையாகவும் உறுதியாகவும் இருப்பதை மட்டும் விடுங்கள். தண்டை வெட்டிப் பார்த்து நடுவில் பழுப்பு வளையமோ புள்ளியோ இருந்தால் சுத்தமான பச்சை வரும்வரை மேலே வெட்டிக்கொண்டே போங்கள். மிஞ்சியதை ஒரு வாரம் காயவைத்துப் புதிய கலவையில் நட்டு, பத்து நாள் கழித்துத் தண்ணீர் விடுங்கள். அடித்தண்டு முழுக்க அழுகியிருந்தால் செடியை விட்டுவிட்டு, நல்ல நுனிகளைப் போத்தாக எடுப்பதுதான் புத்திசாலித்தனம். பழைய மண்ணை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

மாவுப்பூச்சி இலைக்கக்கத்தில் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும். எறும்பு தொட்டிக்கு வரிசை கட்டினால் தேடிப் பாருங்கள். 70 சதவீத ஐசோபுரோபைல் ஸ்பிரிட்டில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் தொட்டுத் தொட்டு எடுங்கள், வாரம் ஒரு முறையாக மூன்று முறை. வேப்பெண்ணெய்க் கரைசலை முழுச் செடிக்கும் அடிப்பதற்கு முன் ஓர் இலையில் தடவி மூன்று நாள் பார்ப்பது நல்லது. எண்ணெய் ஜேட் இலையின் மெழுகுப்பூச்சைக் கெடுத்துக் கறை விழச் செய்யும். மாலத்தியான் இந்தச் செடிக்கு ஆகாது. பூச்சி வேரிலும் உண்டு. செடி காரணமில்லாமல் நின்றுபோனால் கவிழ்த்துப் பாருங்கள், வேரில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் கழுவி, மூன்று நாள் காயவைத்து, புது மண்ணுக்கு மாற்றுங்கள்.

இலையின் அடியில் சொரசொரப்பான பழுப்புப் பொரிகள் வந்தால் அது நோயில்லை. வேர் உறிஞ்சிய நீரை மூடுபனிக் காற்றில் இலை வெளியேற்ற முடியாமல் உள்ளேயே வெடித்த தழும்பு. தண்ணீரைக் குறைத்தால் புதிதாக வராது. வெள்ளைப் பொடி படிந்தால் சாம்பல் நோய். செடிகளுக்கு நடுவில் இடைவெளி விட்டு, நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, முதலில் ஓரிரு இலையில் தெளித்துப் பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள்.

கத்தரிப்பும் பூவும்

கணுக்கோட்டுக்குச் சற்று மேலே வெட்டினால் அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும். மார்ச், ஏப்ரல் இதற்கு நல்ல காலம். தலை கனத்து வேர் சிறுத்த செடி இது, ஒரே பக்கம் சாய்ந்தால் தொட்டியோடு கவிழும். போன்சாய் ஆக்க விரும்புகிறவர்கள் கம்பி சுற்றுவதைத் தவிர்க்கலாம். சதைப்பற்றான தண்டில் கம்பி சீக்கிரம் பதிந்துவிடும். வெட்டி வெட்டியே வடிவம் கொண்டுவருவது எளிது.

சமவெளியில் ஜேட் பூப்பது அரிது. மலையில் வளர்ப்பவருக்குக் கிடைக்கும் பரிசு இந்தப் பூ. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஐந்து இதழ் நட்சத்திரங்கள் கொத்தாக வரும். செடிக்குச் சில ஆண்டு முதிர்ச்சி, குறுகிய பகல், குளிர்ந்த இரவு, காய்ந்த மண் நான்கும் வேண்டும். ஜூலைக்குப் பிறகு கத்தரிக்காதீர்கள், நுனியோடு பூ மொட்டும் போய்விடும். அக்டோபரிலிருந்து தண்ணீரைக் குறையுங்கள். இரவில் விளக்கு எரியும் வராந்தாவில் வைத்தால் பகல் நீண்டதாகச் செடி ஏமாந்து மொட்டு விடாது. மொட்டு வந்தபின் ஒரே ஒரு உறைபனி இரவு போதும் அத்தனையும் கருக, அதனால் அந்த வாரங்களில் இரவு உள்ளே, பகல் வெயிலில்.

மலையிலிருந்து கீழே கொண்டுபோவது

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வாங்கிக் கோவை, மதுரை, சென்னைக்கு எடுத்துப்போகிறவர்கள் வாங்கும்போதே தண்டின் அடியை அழுத்திப் பாருங்கள், கல்லாக இருக்க வேண்டும். பசுமைக்குடிலில் வளர்ந்த செடிக்கு நேர்வெயில் பழக்கமில்லை. மண்ணோடு தூக்கிப்போனால் மலைப்பாதை வளைவுகளில் தொட்டி உருண்டு கிளை ஒடியும். மண்ணை உதறி, செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் நிறுத்தி எடுத்துப்போகலாம், மூன்று நான்கு நாள் மண்ணில்லாமலே தாங்கும். வீட்டுக்கு வந்து நட்டதும் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம், இரண்டு வாரம் வெளிச்சமான நிழலில் இருக்கட்டும். ஏப்ரல், மே வெயிலில் 50 சதவீத நிழல்வலைக்கு அடியில் வைத்து, அந்த இரண்டு மாதமும் தொட்டி மாற்றாமல் விடுங்கள்.